வால்வின் உட்புறம்

மூன்றாம் முறையும் பால் திரும்பி வந்தது.
கிரானிலிருந்து போன ஆயிரத்து இருநூறு லீற்றர்,
பட்டிக்காரர் பதினேழு பேரின் விடியற்காலம்.
தொழிற்சாலை வாசலில் திறந்து பார்த்து
மூடி அனுப்பிவிட்டார்கள்.
பௌசர் சாரதி அருமைலிங்கம் இறங்கவில்லை.
ஹோர்ண் மட்டும் அடித்தான்,
செத்தவீட்டு வாசலில் அடிப்பதுபோல
ஒரேயொரு தரம், மெதுவாக.

முகாமையாளர் குளோரினை இரட்டிப்பாக்கச் சொன்னார்.
போன கிழமையும் அதைத்தான் சொன்னார்.
என் நகக்கண் வெந்து கிடந்தது.
சோறு பிசைந்தால் சோற்றிலும் ஆஸ்பத்திரி மணம்.
"எல்லாம் செத்திருக்கும், மங்களேஸ்."
செத்துத்தான் இருந்தன.
செத்ததை யார் அள்ளுவது என்று
அவர் சொல்லவில்லை.

மட்டக்களப்பிலிருந்து ஜெசீமா வந்தாள்,
பஞ்சு சுற்றிய குச்சிகளும் ஐஸ் பெட்டியுமாக.
தாங்கியின் சுவரைத் தடவினாள், மூடியைத் தடவினாள்,
உதட்டைப் பிதுக்கினாள்.
பிறகு வெளிக்குழாய் வால்வைக் கழற்றச் சொன்னாள்.

ஆறு வருடம் நான் துடைத்த வால்வு.
வெளியே முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம்.
உள்ளே, ரப்பர் வளையத்தின் மடிப்பில்
விரலை வைத்தேன்.

வழுவழு.
விரால் முதுகைத் தொட்டதுபோல,
சொல்ல வெட்கம்,
உயிருள்ள வழுவழுப்பு.

"இதுகள் தனிய இரிக்கிறல்ல" என்றாள்.
"பசை வச்சி, கூரை போட்டு, ஊராத்தான் இரிக்கிதுகள்.
மருந்து ஊத்தினா மேல்வீட்டுக்காரன் மவுத்தாவான்.
அவனத் திண்டு கீழ்வீட்டுக்காரன் வளருவான்.
கொல்லுறதப் பிறகு பாப்பம்.
முதல்ல கிளப்புங்க."

சுடுநீர். சோடா. நைலோன் தூரிகை.
கைக்குழந்தையின் காதுமடலைக் கழுவும் கவனம்
பிடிவாதக்காரியின் தோள்பலத்தோடு சேர வேண்டும்;
இரண்டும் ஒரே கைக்குள் வர
அரை மணித்தியாலம் பிடித்தது.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு முட்டைக்கோதின் உள்தோல்போல ஒரு சவ்வு
ஓரத்தில் சுருண்டது.
இன்னொரு இழுப்பில் முழுதாக எழும்பி
வாளி நீரில் மிதந்தது.
சாகவில்லை அது.
பிடி விட்டது, அவ்வளவுதான்.

கழுவின தண்ணீர் கான் வழியே
ஊறல் குழிக்கு இறங்கியது.
அங்கே போய் என்ன செய்யும் என்று கேட்டேன்.
"மண்ணுக்க அதுகளுக்கு ஆயிரம் வேல இரிக்கி.
பாலுக்கதான் வேலையில்ல."

படிவத்தில் 'அகற்றல்' என்று எழுதினாள்.
அந்தச் சொல்லில் எனக்குக் கால் தடக்கியது.
ஒரு மாசி மாதம் எங்களையும் லொறியில் ஏற்றினார்கள்,
படுவான்கரையிலிருந்து.
ஒரு தறப்பாள், ஒரு இலக்கம்.
எல்லோரும் பாதுகாப்பாக அகற்றப்பட்டனர் என்று
வானொலி வாசித்தபோது
அம்மியைத் தூக்கி வர முடியாததற்காக
அம்மா அழுதுகொண்டிருந்தா.

சீ, எதை எதோடு வைக்கிறாய் என்று
என்னையே அதட்டினேன்.
வால்வு வால்வு. நான் நான்.
இருந்தாலும் அதை வெட்டி
'தேய்த்துக் கழுவியது' என்று போடச் சொன்னேன்.
ஏன் என்று கேளாமல் வெட்டினாள்.
என் முகத்தைப் பார்த்திருப்பாள்,
அல்லது ஏறாவூர்க்காரிக்கும்
அந்தச் சொல்லோடு ஏதோ கணக்கு இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை பௌசர் வெறுமையாய்த் திரும்பியது.
வெறும் தாங்கியின் தடதடப்பு
அவ்வளவு அழகென்று
அன்றைக்குத்தான் தெரியும்.

இப்போது முதலில் விரல்தான்.
வளையத்தை உருவி, மடிப்பை விரித்துத் தடவுவேன்.
கிறீச் என்று கத்தினால் நல்லது.
வழுக்கினால் திரும்பத் தூரிகை.
குளோரின் கடைசியில், ஒரு மூடி, போதும்;
கழுவிய இரும்பில் அதற்கு
ஒளித்துப் பிடிக்க அதிகம் பேரில்லை.

பீப்பா அரைவாசிக்கு மேல் மிச்சம் கிடக்கிறது.
முகாமையாளர் அதன்மேல் ஏறி உட்கார்ந்து
பிளேன்ரீ குடிக்கிறார்.